எங்களுக்கு நோன்பு நடத்தியவள்

எங்கள் குவார்ட்டர்ஸில் அவள் சாப்பிட்ட நாளைவிடச் சாப்பிடாத நாள்தான் அதிகம். செவ்வாய், வெள்ளி, சஷ்டி, கிருத்திகை, பிரதோஷம், புரட்டாசிச் சனி என்று நம் பக்கத்துப் பட்டினிகள் போதாமல், அடுத்த ஊர்க்காரர்களுடைய பட்டினியையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வாள். விரதக்கார அக்கா என்றால் காலனியில் செக்யூரிட்டிக்குக்கூடத் தெரியும். சொந்தப் பெயர் எனக்குத் தெரியும், எழுத மாட்டேன். அந்தப் பெயரை எடுக்கிற யோக்கியதையை நான் இழந்து ரொம்ப வருஷமாகிறது.

அரியலூரைச் சுற்றி இருக்கிற சிமெண்ட் ஆலைகளில் ஒன்றில் என் வீட்டுக்காரருக்கு ஆபீஸ் வேலை. அக்காவின் வீட்டுக்காரருக்குச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை. அவர்கள் வீடு எங்கள் வீட்டுக்கு எதிர் வரிசை. பிள்ளை இல்லை. ஆள் ஒல்லி, கழுத்தெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு நிற்கும். குரல் மட்டும் எங்கிருந்து வருமோ, நாலு வீடு தாண்டிக் கேட்கும்.

ஆலை என்றால் இந்தியா பூராவும் ஆள் வருவார்கள். புதுக் குடும்பம் ஒன்று வந்து, லாரியிலிருந்து பீரோவை இறக்கிக்கொண்டிருக்கும்போதே இவள் போய் நின்றுவிடுவாள். காபி வேண்டுமா, பால்காரன் வேண்டுமா என்று கேட்பாளென்று பார்த்தால், உங்கள் ஊரில் இந்த மாசம் என்ன செய்வீர்கள் என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. பாஷை தெரியாத வங்காளத்துப் பெண்ணிடம் கையாலேயே கேட்டு, விஜயதசமியன்று அவர்கள் ஒருவருக்கொருவர் குங்குமம் பூசிக்கொள்கிற சடங்கைத் தெரிந்துகொண்டு, மறுவருஷம் நெற்றியெல்லாம் சிவப்பாக என் வாசலில் வந்து நின்றாள். எனக்கு வந்த சிரிப்பை அடக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல.

புரட்டாசி பிறந்தால் கார்த்திகை முடியும்வரை அவளைப் பிடிக்க முடியாது. எந்த ஊரை எடுத்தாலும் பொம்பளைகள் புருஷனுக்காகப் பட்டினி கிடப்பது இந்த மாதங்களில்தான் என்று கண்டுபிடித்து வைத்திருந்தாள். மழை பெய்கிற காலத்தில்தான் ஆம்பளைகளுக்குக் கண்டம் போலிருக்கிறது என்பாள், ரொம்ப யோசித்துச் சொல்கிற மாதிரி.

ஒரு தடவை புது மில் பூட்டுவதற்காக ஜெர்மனியிலிருந்து ஒரு எஞ்சினியர் வந்திருந்தார். கூடவே பெண்டாட்டி. கெஸ்ட் ஹவுஸில் மூன்று மாதம் இருந்தார்கள். ஆயுத பூஜைக்கு ஆலையில் எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்ததை அந்தப் பெண் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். அக்கா என்னை இழுத்துக்கொண்டு போனாள். எனக்கு பி.ஏ. இங்கிலீஷ் உண்டு, அதனால் நான்தான் மொழிபெயர்ப்பு. அந்தப் பெண்ணும் சந்தோஷமாகச் சொன்னாள். இதே சமயத்தில் அவர்கள் ஊரில் அறுவடை முடிந்து, கோதுமைக் கதிர், பூசணிக்காய், ரொட்டி எல்லாவற்றையும் கோயிலில் கொண்டுபோய் அடுக்கி நன்றி சொல்வார்களாம். அப்புறம் குளிர் ஆரம்பித்ததும் ஒரு நாள் கல்லறைக்குப் போய் விளக்கு ஏற்றுவார்களாம். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். முதலாவது நம் ஆயுத பூஜை, இரண்டாவது நம் ஊர்க் கிறிஸ்தவர்களின் கல்லறைத் திருநாள், இரண்டும் தனக்குத் தெரிந்ததுதான் என்றாள். பிறகு என் இடுப்பில் இடித்தாள். "புருசனுக்கு என்ன விரதம்னு கேளு." கேட்டேன். அப்படி ஒன்றும் இல்லையே என்று அந்தப் பெண் சிரித்தாள். அக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது. திரும்பி வருகிற வழியில், "பாவம் தங்கச்சி, அப்பறம் எப்படித்தான் அந்தாளு உசிரோட இருக்கான்?" என்றாள். அவள் கிண்டல் பண்ணவில்லை, நிஜமாகவே பரிதாபப்பட்டாள்.

பஞ்சாப்காரி ஒருத்தி சொல்லிக்கொடுத்து, தீபாவளிக்குப் பத்துப் பன்னிரண்டு நாளைக்கு முன்னால் வருகிற அவர்கள் விரதத்தையும் பிடித்துக்கொண்டாள். விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. ராத்திரி சல்லடை வழியாக நிலாவைப் பார்த்து, அதே சல்லடை வழியாகப் புருஷன் முகத்தைப் பார்த்து, அவர் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டும். பஞ்சாபில் அந்தச் சமயத்தில் வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்குமாம். நம் பக்கம் ஐப்பசி அடைமழை. நிலாவாவது ஒன்றாவது. பஞ்சாப்காரி சமர்த்து, அம்மா வீட்டுக்கு எஸ்.டி.டி. போட்டு, அங்கே நிலா வந்தாச்சா என்று கேட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டாள். இவள் மாட்டேன் என்றுவிட்டாள். அவர்கள் ஊர் நிலா அவர்கள் புருஷனுக்கு, நம் ஆளுக்கு நம் ஊர் நிலாதான் வரவேண்டும் என்று ஒரே பிடிவாதம். மழைக்குள் குடையைப் பிடித்துக்கொண்டு மாவு சல்லடையோடு நின்றாள். அவள் வீட்டுக்காரர் வாசற்படியில் செம்போடு உட்கார்ந்திருந்தார். பாவம், மறுநாள் முதல் ஷிப்ட் வேறு. கடைசியில் நிலா வந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது, நான் போய்ப் படுத்துவிட்டேன். மறுநாள் காலையில் உதடு வெடித்துப்போய் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள்.

லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு அம்மா காலனிக்குத் துணி கொண்டுவருவார். புடவை, நைட்டி, கூடவே துபாய் சோப்பு. அவர் வீட்டுக்காரர் வெளிநாட்டில். அந்த வருஷம் ரம்ஜான் நோன்பும் ஐப்பசியில் வந்தது. அக்காவுக்குக் கேட்கவா வேண்டும், அவரையும் உட்காரவைத்து விசாரித்தாள். அந்த அம்மா தன்மையாகச் சொன்னார்: "நோன்பு அல்லாவுக்கு மட்டுந்தாம்மா. புருசனுக்காகத் துவா கேக்கலாம். உசிரு அவன் கையில இருக்கு, நாம பட்டினி கெடந்து புடிச்சு வைக்க முடியாது." அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. அவர் போனபிறகு, உங்கள் சாமி பெரியவர், ஒருத்தரே சமாளித்துக்கொள்வார், எங்களுக்கு அப்படி விட்டுவிட முடியுமா என்று அந்த அம்மாவிடம் கேட்காமல் விட்டதை என்னிடம் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இவ்வளவுக்கும் அக்காவின் வீட்டுக்காரர் ஒருநாள் பட்டினி கிடந்தவரில்லை. ஞாயிற்றுக்கிழமை கறி, தினமும் ஒரு பாக்கெட் சிகரெட், பஜ்ஜி போண்டா எது கிடைத்தாலும் விடமாட்டார். கொஞ்சம் தொப்பை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். சிகரெட்டை விடச் சொல்லக்கூடாதா அக்கா என்று நான் கேட்டிருக்கிறேன். அதுக்குத்தான் நான் இருக்கேன்ல என்பாள். அவர் தின்று தீர்ப்பதும் இவள் கிடந்து தீர்ப்பதும் ஒரு ஒப்பந்தம் மாதிரி நடந்துகொண்டிருந்தது.

ஏன் இப்படி என்று ஒரே ஒரு நாள்தான் சொன்னாள். கல்யாணத்துக்குப் பிறகு, உடையார்பாளையத்துப் பக்கம் அவர்கள் ஊரில், யாரோ ஜாதகம் பார்க்கிறவர் இவள் கட்டத்தைப் பார்த்துவிட்டு, தாலி நிலைப்பது கஷ்டம் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டாராம். மாமியார் அதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். அதிலிருந்து புருஷனுக்குத் தலைவலி வந்தாலும் அவர்கள் வீட்டு ஆட்கள் இவளைத்தான் பார்ப்பார்களாம். சுரங்கத்தில் மத்தியானம் வெடி வைப்பதற்கு முன்னால் சங்கு ஊதும். சங்கு ஊதினதும் கையில் என்ன வேலை இருந்தாலும் வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். வெடிச் சத்தம் கேட்டு, ஜன்னல் அதிர்ந்து, அப்புறம் சத்தம் அடங்கினபிறகுதான் கண்ணைத் திறப்பாள். பதினெட்டு வருஷம் இப்படி.

எனக்கு அவள் மேல் கோபம்கூட வரும். எல்லாவற்றுக்கும் சட்டம் பேசுவாள். எங்கள் வீட்டில் தீபாவளி அமாவாசைக்குக் கௌரி நோன்பு எடுக்கிற வழக்கம் கிடையாது. வழக்கமில்லாதவர்கள் அதை, ஏற்கெனவே நோன்பு எடுப்பவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டுதான் தொடங்க வேண்டும். நான் அவளிடமிருந்துதான் வாங்கிக்கொண்டேன். என்னைப் போல் காலனியில் இன்னும் ஆறேழு பேர், மேனேஜர் வீட்டம்மா உட்பட. என் வீட்டு ஹால் பெரிசு என்பதால் எல்லாத் தட்டும் அங்கேதான் வரும். அதிரசம் இருபத்தொன்று, வெற்றிலை இருபத்தொன்று, பாக்கு, மஞ்சள், பழம் எல்லாம் இருபத்தொன்று. கலசம் வைப்பதிலிருந்து கதை சொல்லிக் கயிறு கட்டுவதுவரை அவள்தான். எங்களில் ஒருத்திக்கும் ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நாங்கள் மெனக்கெடவில்லை, அவள் இருக்கிறாளே என்றிருந்தோம்.

முதல் வருஷம் தலைவலி தாங்காமல் நான் அடுப்படிக்குப் போய் அரை டம்ளர் காபி குடித்துவிட்டேன். எப்படித்தான் மோப்பம் பிடித்தாளோ. எல்லோர் முன்னாலும், "புருசனுக்காக அரை நாள் வவுத்தக் கட்டமுடியல, ஒனக்கெல்லாம் எதுக்குக் கயிறு?" என்று கேட்டுவிட்டாள். மறுபடியும் குளிக்கவைத்து, ஈரப் புடவையோடு உட்காரவைத்துத்தான் கட்டினாள். நடுவில் விட்ட நோன்பு புருஷன் தலையில்தான் விடியும் என்று அன்றைக்கு ஒரு மணி நேரம் சொன்னாள். மேனேஜரம்மா அதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் அழுதேன். அந்த அவமானம் எனக்கு ரொம்ப நாள் இருந்தது. பின்னால் நான் செய்ததற்கு இது காரணமா என்று என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். இல்லை என்றுதான் நினைக்கிறேன். சத்தியம் பண்ண முடியாது.

அது நடந்த தீபாவளிக்கு அக்காவின் நாத்தனார் குழந்தையோடு வந்திருந்தாள். ஈரோட்டில் வாழ்க்கைப்பட்டவள். மறுநாள் அமாவாசை, நோன்பு. தங்கச்சியைத் திருச்சி ஜங்ஷனில் ரயில் ஏற்றிவிட்டு வருகிறேன் என்று அக்காவின் வீட்டுக்காரர் விடிகாலை பஸ்ஸில் கிளம்பிப் போனார். அக்கா எட்டு மணிக்கே குளித்து முழுகி, என் வீட்டுக்கு வந்து, பின்கட்டில் அடுப்பைப் போட்டு அதிரசம் சுட உட்கார்ந்துவிட்டாள். மேனேஜரம்மா ஹாலில் வெற்றிலை துடைத்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் மத்தியானம் வருவதாகப் பேச்சு.

பத்தே முக்கால் இருக்கும், போன் அடித்தது. எடுத்தால் அவர். பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனுஷன், எனக்குக் குரலே பிடிபடவில்லை. தங்கச்சியை ஏற்றிவிட்டதாகவும், நெஞ்சு கொஞ்சம் அடைக்கிற மாதிரி இருக்கிறது, ஜங்ஷனுக்குப் பக்கத்திலேயே ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறது, ஆட்டோ பிடித்துப் போகப்போவதாகவும் சொன்னார். ஆஸ்பத்திரியின் பெயரையும் சொன்னார். அக்காவைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். அவள் எண்ணெய்ச் சட்டி முன்னால் இருப்பாள், பதறி எதையாவது கொட்டிக்கொள்வாள், வேண்டாம் என்றார். மூச்சு வாங்கிக்கொண்டார். பிறகு சொன்னார்:

"நீங்களே பக்குவமாச் சொல்லுங்க. நோன்பு கெடக்கட்டும், எந்திரிச்சு வரச் சொல்லுங்க. வெறும் வவுத்தோட வர வேணாம். ஒரு வாய் சாப்புட்டுட்டு வரச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

சரிங்கண்ணே என்று போனை வைத்தேன்.

பின்கட்டுக்குத்தான் நடந்தேன். இதை நான் யார் தலையில் அடித்தும் சொல்வேன், நான் சொல்லத்தான் போனேன். ஹாலைத் தாண்டுவதற்குள் மேனேஜரம்மா என்ன போன் என்று கேட்டார். சொன்னேன். அவர் வெற்றிலையைக் கீழே வைக்காமலே யோசித்தார். ஆள் தானே நடந்து போய்ப் போன் பேசுகிறான், அப்புறம் என்ன, நேற்றுத் தின்ற கறியும் பலகாரமும் வாயுவாக முட்டிக்கொண்டு நிற்கும் என்றார். இப்போது சொன்னால் அடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடுவாள். கலசம் வைத்தாயிற்று. நடுவில் விட்ட நோன்பு யார் தலையில் விடியும், அவளே சொன்னதுதானே. அந்த ஆளுக்கே உடம்பு சரியில்லாதபோது அவர் பேரில் எடுத்த நோன்பை உடைக்கலாமா. நாலு மணிக்குப் பூஜையை முடித்துக்கொண்டால் சாரிடம் சொல்லி ஜீப் போட்டு அனுப்பலாம், விளக்கு வைக்கிற நேரத்துக்குள் திருச்சி போய்விடலாம்.

எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் கடைசியாக ஒன்று சொன்னார். "அவ போயிட்டா நமக்கு யாரு நடத்துறது?"

அதுதான். வாயு, ஜீப், சாஸ்திரம் எல்லாம் மேல்பூச்சு. ஏழு வீட்டுத் தட்டும் வந்து உட்கார்ந்துவிடும், கயிறு கட்ட ஆளிருக்காது, எங்கள் புருஷன்களுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்கிற பயம். எனக்கும் அதே பயம்தான். நான் போய் மேனேஜரம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை துடைத்தேன். பின்கட்டிலிருந்து, யாரு தங்கச்சி போன்ல என்று அக்கா குரல் கொடுத்தாள். ராங் நம்பர்க்கா என்றேன்.

நாலு மணி என்றது ஐந்தானது. ஒருத்தி அதிரசம் சுட்டது உதிர்ந்துவிட்டது என்று மறுபடி சுட்டு எடுத்துவந்தாள். அக்கா எதையும் குறைத்துக்கொள்ளவில்லை. கதையை முழுசாகச் சொன்னாள். அன்றைக்கு அவள் முகம் நன்றாக இருந்தது, அதை என்னால் மறக்க முடியவில்லை. நான் இரண்டு தடவை எழுந்து போய் அந்த ஆஸ்பத்திரி நம்பரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று டைரக்டரியைப் புரட்டினேன். மேனேஜரம்மா கண்ணாலேயே உட்காரச் சொன்னார். எனக்குக் கயிறு கட்டும்போது அக்கா, "இந்த வருசம் ஒழுங்கா இருந்திட்ட, ஒன் வூட்டுக்காரருக்கு ஒரு கொறையும் வராது" என்று கன்னத்தைத் தட்டினாள்.

ஐந்தே முக்காலுக்கு ஆலையிலிருந்து ஜீப் வந்தது. நாங்கள் கேட்ட ஜீப் இல்லை. அவர் சட்டைப்பையில் இருந்த ஆலை அடையாள அட்டையைப் பார்த்து ஆஸ்பத்திரியிலிருந்து டைம் ஆபீஸுக்குப் போன் வந்திருக்கிறது. மூன்றரை மணிக்கே உயிர் போய்விட்டது. பதினொரு மணிக்கு அவள் கிளம்பியிருந்தால் ஒன்றரைக்குத் திருச்சி. மனுஷன் இரண்டு மணி நேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கிடந்திருப்பார். நான் படித்த பி.ஏ.வுக்கு இந்தக் கணக்கு மட்டும் நன்றாக வருகிறது.

அவளிடம் சீரியஸ் என்று மட்டும் சொல்லி ஏற்றினார்கள். இப்போதுதான் தகவல் வந்தது என்றார் மேனேஜரம்மா. அதில் பொய் இல்லை, ஆலைக்கு இப்போதுதானே வந்தது. அவள் ஜீப்பில் ஏறும்போது திரும்பி, கலசத்தை ராத்திரி எடுக்காதீர்கள், காலையில்தான் எடுக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனாள்.

கருமாதி அவர்கள் ஊரில். முந்திரிக் காட்டுக்கு நடுவில் ஊர். மேனேஜரம்மா காரில் என்னையும் அழைத்துப்போனார். அக்கா வெள்ளைப் புடவையில் மூலையில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியும் கையும் காலியாக இருந்த அவளைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. சாப்பாடு முடிந்து, ஆட்கள் பந்தலில் உட்கார்ந்திருக்கும்போது அந்த நாத்தனார் எழுந்து வந்தாள். கையில் ஒரு துண்டுச் சீட்டு. ஆஸ்பத்திரியில் கொடுத்த அண்ணன் சட்டைப்பையில் இருந்ததாம். ஜங்ஷன் எஸ்.டி.டி. பூத் பில். நம்பர், நேரம், எத்தனை நிமிஷம், எல்லாம் அடித்திருந்தது. நம்பர் என் வீட்டு நம்பர். காலையிலேயே எங்கண்ணன் போன் பண்ணியிருக்கிறான், இவள் ஏன் ராத்திரி வந்தாள் என்று அவள் கேட்டாள். அவள் கத்தவில்லை. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள், அவ்வளவுதான்.

அக்கா என்னைப் பார்த்தாள். "இந்தா, இந்தத் தங்கச்சி வூட்டு நம்பர்தான். அதுவே வந்திருக்கு. கேளுங்க. எனக்கு ஒரு போனும் வரல" என்றாள். நான் காப்பாற்றுவேன் என்கிற நம்பிக்கை அப்படியே முகத்தில் இருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் மேனேஜரம்மா பேசினார். அவர் பேச்சில் எப்போதும் ஒரு நிதானம் உண்டு.

"போன் வந்துச்சு, இல்லன்னு சொல்லல. வந்த உடனே நாங்க சொல்லிட்டோம். நோன்ப முடிச்சிட்டுக் கெளம்புறேன்னு அவங்கதான் சொன்னாங்க. நாங்க எவ்வளவோ சொன்னோம். அவங்களப் பத்தி ஒங்களுக்கே தெரியுமே." பிறகு என் பக்கம் திரும்பி, "இல்லியாம்மா?" என்றார்.

என் வீட்டுக்காரருக்கு அந்த மாதம் பிரமோஷன் பேப்பர் மேனேஜர் மேஜையில் இருந்தது. அதைச் சொல்லித் தப்பிக்கலாம். அது முழுக் காரணம் இல்லை. அத்தனை பேர் முன்னால், ராங் நம்பர் என்று சொன்னவள் நான்தான் என்று என் வாயால் சொல்ல எனக்குத் துப்பில்லை. தலையை ஆட்டினேன்.

பந்தலில் ஒருத்தர்கூடச் சந்தேகப்படவில்லை. எப்படிப் படுவார்கள்? ஊருக்கே தெரியும், அவள் உயிரே போனாலும் விரதத்தை நடுவில் விடுகிறவள் இல்லை. யாரோ ஒரு பெரியவர், சரி விடுங்க, விதி என்றார். நாத்தனார் அக்காவைப் பார்த்து, "எங்கண்ணன விட ஒனக்கு அதிரசம் பெருசாப் போச்சா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். எனக்குத் தெரியாது, தெரிஞ்சிருந்தா போயிருப்பேன் என்று அக்கா ஒரே ஒரு தடவை சொன்னாள். பிறகு அவர்கள் வீட்டில் அவளை வைத்துக்கொள்ளவில்லை என்றும், திருமானூர்ப் பக்கம் தம்பி வீட்டோடு போய்விட்டாள் என்றும் கேள்விப்பட்டேன். நான் போய்ப் பார்க்கவில்லை.

கிளம்புகிற நேரத்தில் மேனேஜரம்மா காரில் ஏறிவிட்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். அக்கா வீட்டுக்குப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். திட்டுவாள், அடிப்பாள், அடித்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் குரல் தாழ்ந்திருந்தது. அவ்வளவு தாழ்ந்து அவள் பேசி நான் கேட்டதில்லை.

"நீ சொன்னதப் பத்தி நான் ஒண்ணும் கேக்கல தங்கச்சி. அந்தச் சீட்டுல ரெண்டு நிமிசம்னு போட்டிருக்காம். ரெண்டு நிமிசம் பேசியிருக்காரு. எனக்கு ஏதாச்சும் சொல்லச் சொன்னாரா?"

அவர் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் என் வாய்க்குள் இருந்தது. அதைச் சொன்னால், நோன்பை விடச் சொல்லியும் இவள் விடவில்லை என்று நான் தலையாட்டினது எவ்வளவு பெரிய பாவம் என்று இவளுக்கும் தெரிந்துவிடும், எனக்கும் தெரிந்துவிடும். சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார் என்று கேட்டால் இவள் தாங்கமாட்டாள், சொல்லாமல் இருப்பதுதான் புண்ணியம் என்றுகூட அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றியது. மனசு எவ்வளவு சாமர்த்தியமான சாமான். கார் ஹார்ன் அடித்தது.

"ஒண்ணும் சொல்லலக்கா" என்றேன். "ஆஸ்பத்திரிக்குப் போறேன்னாரு. அவ்வளவுதான்."

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பிறகு, எனக்குச் சமாதானம் சொல்கிற மாதிரி, "அவரு பேசாத மனுசன்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.